பழைய ஆல்டோ: ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. பல்பை மாற்றுவதா, ஒயரிங்கைப் பார்ப்பதா?

மோகனூர் ரோடு:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2007 மாடல் ஆல்டோ. இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது, வேறு வண்டி வாங்குகிற எண்ணமும் இப்போதைக்கு இல்லை. தொல்லை ராத்திரியில்தான். கரூரில் வேலை முடிந்து கிளம்பி, வாங்கல் பாலம் ஏறி மோகனூர் வழியாக நாமக்கல் வரவேண்டும். வழியில் பாதி தூரம் தெருவிளக்கு கிடையாது. கரும்பு வெட்டும் சீசன் என்றால் ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு போகும். டிம்மில் வந்தால் டிரெய்லர் கிட்டே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பிரைட் போட்டால் பரவாயில்லை, ஆனால் எதிரே வண்டி வந்துகொண்டே இருக்கும்போது எங்கே பிரைட் போடுவது?

மெக்கானிக் 100/90 பல்பு (பிரைட் 100 வாட், டிம் 90 வாட்) போடச் சொல்கிறார். ஆக்சசரீஸ் கடையில் எல்இடி போடு என்கிறார்கள். கூட வேலை செய்பவர் லென்ஸ் மஞ்சளடித்துக் கிடக்கிறது, அதைப் பாலிஷ் போட்டாலே போதும் என்கிறார். எதில் முதலில் காசைப் போடுவது? இப்போது இருப்பது சாதாரண ஹெச்4, 60/55 வாட்.

எல்இடி ரசிகன்:
ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். எல்இடி போடுங்கள். நான் என் வேகன்ஆரில் போட்டிருக்கிறேன், ரோடு பகல் மாதிரி தெரிகிறது. கரண்டும் குறைவாகத்தான் எடுக்கும், ஒயரிங்கைத் தொடவே வேண்டாம், பழைய பல்பைக் கழற்றி இதை மாட்டினால் வேலை முடிந்தது.

நாமக்கல் டிரைவர்:
உங்களுக்குப் பகல் மாதிரி, எதிரே வருகிற எங்களுக்குக் குருட்டு ராத்திரி. லாரியில் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே கண் கூசுகிறது என்றால் டூவீலரில் வருகிறவன் கதியை நினைத்துப் பாருங்கள். முன்பெல்லாம் ஹெட்லைட் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டாமல் வந்தால் போலீஸ்காரர்களே நிறுத்தி ஒட்டிவிடுவார்கள். இப்போது வருகிற வெள்ளை வெளிச்சத்துக்கு அந்த ஸ்டிக்கரை லைட் முழுக்க ஒட்டினாலும் பத்தாது போல.

கரூர் ஆட்டோ எலக்ட்ரிக்கல்:
தம்பி, முதலில் பர்ஸை உள்ளே வையுங்கள். பல்பு வரைக்கும் எத்தனை வோல்ட் வந்து சேருகிறது என்று பார்க்காமல் எதை வாங்கினாலும் குருட்டாம்போக்குதான்.

அந்தக் காலத்துச் சின்ன வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற ஸ்விட்ச்) கிடையாது. மொத்தக் கரண்டும் பேட்டரியில் கிளம்பி, ஃபியூஸ் பாக்ஸ் போய், டாஷ்போர்டுக்குள் நுழைந்து, ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கிற காம்பினேஷன் ஸ்விட்ச்சுக்குள் புகுந்து, மறுபடி முன்பக்கம் வந்து, அப்புறம்தான் பல்பு. இத்தனைக்கும் ஒயர் ஒல்லி. பதினைந்து, பதினெட்டு வருஷம் ஆன வண்டியில் ஒவ்வொரு கப்ளரிலும் (ஒயர் இணைப்பிலும்) பச்சை பிடித்திருக்கும், ஸ்விட்ச் பாயிண்ட் கருகியிருக்கும், எர்த் போல்ட்டில் துரு ஏறியிருக்கும். ஒவ்வொன்றும் கால் வோல்ட், அரை வோல்ட் என்று தின்றுகொண்டே வரும்.

ஒரு மல்டிமீட்டர் போதும், 300 ரூபாய் மீட்டரே தாராளம். இன்ஜின் ஓடட்டும், டிம் லைட் எரியட்டும். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்து ஒரு ரீடிங் எடுங்கள். அப்புறம் பல்பு ஹோல்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக ஊசியை நுழைத்து, பல்பு பின்களிலேயே ஒரு ரீடிங். கழற்றிவிட்டு அளந்தால் லோடு இருக்காது, முழு வோல்ட்டும் காட்டி ஏமாற்றிவிடும், இதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் என்றால் ஒயரிங் நன்றாக இருக்கிறது, வேறு பக்கம் பார்க்கலாம். ஒன்றரை, இரண்டு வோல்ட் குறைகிறது என்றால் ஒயரிங்கைச் சரிசெய்யாமல் எந்த பல்பும் உருப்படாது.

100/90 பற்றி: தயவுசெய்து இப்படியே போடாதீர்கள். 55 வாட் இரண்டு பல்புக்கு எட்டு ஆம்பியர் சொச்சம், 90 வாட் இரண்டுக்குப் பதின்மூன்றரை. ஏற்கெனவே மூச்சு வாங்குகிற ஸ்விட்ச்சில் இதை ஏற்றினால் என்ன ஆகும்? ஹோல்டர் பழுப்பாகி, உருகி, பல்பு பின்னோடு ஒட்டிக்கொண்டு வருகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. உள்ளே ரிஃப்ளெக்டரும் பிளாஸ்டிக்தான், அந்தச் சூடு அதற்கும் ஆகாது.

மோகனூர் ரோடு:
அண்ணா, மிக்க நன்றி. இன்று சாயங்காலமே பார்த்தேன். பேட்டரியில் 14.1. இடதுபக்க பல்பில் 11.9, வலதுபக்கம் 12. பிரைட்டில் இன்னும் கொஞ்சம் குறைகிறது. இது மோசமா?

பாலிடெக்னிக் வாத்தியார்:
மோசம்தான். ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சமும் பத்து சதவீதம் குறையும் என்று தோன்றும், அப்படி இல்லை. வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் (பவர்) மாறும், அதாவது வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் நிறையக் குறையும். ஹெச்4 பல்பை 13.2 வோல்ட்டில்தான் அளக்கிறார்கள். அந்த வோல்ட்டில் டிம் 1000 லூமன், பிரைட் 1650 லூமன் என்பது கணக்கு. உங்களுக்கு 11.9 தான் வருகிறது, கணக்குப் போட்டால் சுமார் 70 சதவீத வெளிச்சம். வழியில் வோல்ட் குறைவதால் மீதி 30 சதவீதம் கிடைக்காமலே போகிறது. ரிலே போட்டு 13.7 வரை கொண்டுவந்துவிட்டால், இப்போது இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கும், அதே 60/55 பல்பில்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வோல்ட் ஐந்து சதவீதம் கூடினால் பல்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். ஆகவே ரிலே போட்ட பிறகு பல்பு முன்பைவிடச் சீக்கிரம் ஃபியூஸ் ஆனால் ஆச்சரியப்படாதீர்கள். சார்ஜிங் 14.5-ஐத் தாண்டிப் போகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். போனால் ரெகுலேட்டரில் கோளாறு, பல்பு மட்டுமல்ல, பேட்டரியும் சேர்ந்து போகும்.

ஒயர் கனம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர், அதில் ஒன்பது ஆம்பியர் போனால் ஒயரிலேயே முக்கால் வோல்ட் போய்விடும். அதே கரண்ட் இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் இரண்டு மீட்டர் மட்டும் போனால் கால் வோல்ட்கூட போகாது, அதில் பாதிதான். ஸ்விட்ச், கப்ளர் எல்லாம் இதற்கு மேல் தனி.

கரூர் ஆட்டோ எலக்ட்ரிக்கல்:
வாத்தியார் சொன்னது முழுக்கச் சரி. தம்பி, இனி ரிலே வேலைதான். இரண்டு ரிலே வேண்டும், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலே பின்களில் எண் போட்டிருக்கும்: 30-ல் கரண்ட் உள்ளே, 87-ல் வெளியே, 85-ம் 86-ம் ரிலேயை இழுக்கிற காயிலின் இரண்டு முனை. பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஃபியூஸ் வழியாகப் புது ஒயர் 30-ல். 87-ல் இருந்து பல்புக்கு. ஒயர் இரண்டரை சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஹோல்டர் புதிதாக, முடிந்தால் செராமிக் ஹோல்டர். எர்த்தையும் புதிதாக, பெயிண்டைச் சுரண்டி பாடியில் நேராக அடியுங்கள், அல்லது பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்துவிடுங்கள். பாதிப் பேர் பாசிட்டிவை மட்டும் மாற்றிவிட்டு எர்த்தைப் பழையபடியே விட்டுவிடுகிறார்கள், அப்புறம் வித்தியாசமே தெரியவில்லை என்று வந்து நிற்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ரெடிமேட் ஒயரிங் கிட் வாங்கினால் அதில் 85 எர்த்துக்குப் போகும்படி செய்திருப்பார்கள். சுஸுகி வடிவமைப்பில் சில வண்டிகளில், ஜிப்சி போல, ஸ்விட்ச் நெகட்டிவ் பக்கம் இருக்கும். அதாவது ஹோல்டரில் டிம், பிரைட் இரண்டுக்கும் பொதுவான பின்னில் பாசிட்டிவ், டிம்மும் பிரைட்டும் எர்த்தை வெட்டிச் சேர்க்கும். அந்த வண்டியில் சாதாரண கிட்டை மாட்டினால் ரிலே அடிக்கவே அடிக்காது, கிட் கோளாறு என்று கடைக்காரரோடு சண்டை போடுவீர்கள். உங்கள் வண்டியில் எப்படி என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்: லைட் எரியும்போது பொது பின்னில் பாடிக்கு எதிராக 12 வோல்ட் காட்டினால் நெகட்டிவ் ஸ்விட்ச்.

எந்தப் பக்கம் இருந்தாலும் வேலை செய்கிற சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ரிலே காயிலின் 85, 86 இரண்டையும் பழைய ஹோல்டரின் பொது பின்னுக்கும் டிம் பின்னுக்கும் நடுவே கொடுத்துவிடுங்கள். அதாவது பழைய ஹோல்டர் இதுவரை பல்பை எரித்தது, இனி காயிலை மட்டும் இழுக்கட்டும். காயிலுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று கிடையாது, உள்ளே டயோடு இல்லாத ரிலேயாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பிரைட் ரிலேக்கும் இதே முறை. பழைய ஸ்விட்ச்சில் இனி அரை ஆம்பியர்கூட ஓடாது, அதுவும் பிழைத்துக்கொள்ளும்.

எல்இடி ரசிகன்:
இவ்வளவு வெட்டி ஒட்டுவதற்கு ஒரு ஜோடி எல்இடி போட்டுவிட்டுப் போகலாமே? கரண்ட் குறைவு, வோல்ட் 11 வந்தாலும் உள்ளே டிரைவர் சரிக்கட்டிக்கொள்ளும். ஜெர்மனியில் சட்டப்படியே விற்கிறார்களாம், ஓஸ்ராம் நைட் பிரேக்கர் எல்இடி. இங்கே மட்டும் ஏன் இந்த ஒப்பாரி?

லண்டன் வாசி:
நான் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது லண்டனில். அந்த ஜெர்மன் விசயம் பாதிதான் உண்மை. 2020-இல் இருந்து அனுமதி இருக்குது, ஆனால் எல்லாக் காருக்கும் இல்லை. எந்தக் கார், எந்த ஹெட்லைற் எண்டு ஒவ்வொன்றாகப் பரிசோதித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் இல்லாத காரில் போட்டால் அங்கேயும் குற்றம்தான். இங்கே லண்டனில் வருசாவருசம் எம்ஓடி எண்டு வண்டித் தகுதிச் சோதனை. ஹலோஜனுக்கு எண்டு செய்த ஹெட்லைற்றுக்குள் எல்இடி பல்ப் போட்ட கார் தேறாது எண்டு 2021 கையேட்டிலேயே எழுதிவிட்டார்கள். தேறாமல் போன பிறகு எத்தனை பேர் வாசலில் நின்று பழைய பல்பைத் திருப்பிப் போட்டார்கள் தெரியுமா.

இன்னொரு கதை. ஊரில் என் மாமாவிடம் மொரிஸ் மைனர் ஒன்று இன்னும் ஓடுது. அதில் டைனமோ, பாசிட்டிவ் எர்த். அதாவது பற்றரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடம்பில். சந்தியில் நிற்கும்போது டைனமோ ஒன்றும் தராது, லைற் சிவந்து போகும், அக்சிலேற்றரை மிதித்தால்தான் வெள்ளையாகும். கடைசியாக வந்த சி40 டைனமோவே முழு வேகத்தில் 22 அம்பியர்தான், அதற்குள் ஹெட்லைற், வைப்பர், எல்லாம் அடங்கவேண்டும். இதில் யாரோ சொன்னதைக் கேட்டு எல்இடி வாங்கிப் போட்டால் எரியவே எரியாது, சிலது புகைந்தும் விடும், ஏனெண்டால் அவை நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. ஹலோஜனும் ரிலேயும் எந்தப் பக்கம் எண்டு பார்க்காது. கரூர் அண்ணை சொன்ன அந்தக் காயில் முறை மைனருக்கும் அப்படியே பொருந்தும்.

பாலிடெக்னிக் வாத்தியார்:
எல்இடி தம்பிக்கு, கோபப்படாமல் கேளுங்கள். ஹெச்4 பல்பை வெளியே எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு ஃபிலமென்ட் இருக்கும், டிம் ஃபிலமென்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகடு, கிண்ணம் மாதிரி. டிம்மில் அந்தத் தகடு ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைக்கிறது, அதனால்தான் சுவரில் அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு கோடு விழுகிறது. ஃபிலமென்ட் மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. ரிஃப்ளெக்டர் அந்த இடத்தை வைத்து வடிவமைத்தது. எல்இடி பல்பில் சிப் தட்டையான பட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும், கனமும் வேறு, தகடும் பல மலிவு பல்புகளில் பெயருக்குத்தான். கோடு கலைந்து வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும்.

ரோடு பகல் மாதிரி தெரிகிறது என்றீர்களே, அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பானட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் வெளிச்சம் அதிகமானால் கண்ணின் பாவை சுருங்கிவிடும். பக்கத்தில் பளபளக்கும், தூரத்தில் இருப்பது முன்பைவிட மங்கும். மோகனூர்க்காரருக்குத் தேவை ஐம்பது, அறுபது மீட்டரில் நிற்கிற டிரெய்லர் தெரிவது. மழையில் நனைந்த தார் ரோட்டில் உங்கள் எல்இடியைப் போட்டுப் பாருங்கள், அப்போது சொல்லுங்கள்.

எல்இடி ரசிகன்:
மழையில் கொஞ்சம் சுமார்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 12000 லூமன் என்று டப்பாவில் போட்டிருக்கிறதே?

நாமக்கல் டிரைவர்:
டப்பாவில் அவன் 50000 என்றுகூடப் போடுவான், அச்சடிக்கத் தனிக் காசா?

பெயிண்ட் பட்டறை:
லென்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே. ஒயரிங் எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் வெளிச்சம் கடைசியில் அந்தப் பிளாஸ்டிக் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். பழைய ஃபியட், முதல் மாருதி காலத்து லென்ஸ் எல்லாம் கண்ணாடி, மஞ்சளாகாது, கல் பட்டால் உடையும், அவ்வளவுதான். பாலிகார்பனேட் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை. வெயிலில் இருக்கிற புற ஊதா மேல் கோட்டிங்கைத் தின்றுவிடும், அப்புறம் பிளாஸ்டிக்கே மஞ்சளாகிச் சொரசொரப்பாகும். வெட்ட வெயிலில் நிறுத்துகிற வண்டியில் வலதும் இடதும்கூட ஒரே மாதிரி இருக்காது, எந்தப் பக்கம் தெற்கு, மேற்குப் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கம் கூடுதலாகப் போயிருக்கும்.

பற்பசை போட்டுத் தேய்ப்பது எல்லாம் வீடியோவுக்கு நன்றாக இருக்கும். ஒரு மழை தாங்காது. கொசு விரட்டுகிற ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் உடனே பளிச்சென்று ஆகும், உண்மைதான், ஆனால் அது பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் பளிச்சென்று ஆக்குகிறது. கொஞ்ச நாளில் மயிரிழை விரிசலாக ஓடிவிடும், அப்புறம் லென்ஸ் குப்பைக்குத்தான்.

சரியான முறை வாட்டர் பேப்பர். சுற்றிலும் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டிவிட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே 800, அப்புறம் 1000, 1500, 2000, கடைசியில் 3000. 800-ல் தேய்க்கும்போது மஞ்சளாகத் தண்ணீர் வழியும், அது வெள்ளையாகிற வரை விடக் கூடாது. இங்கே அவசரப்பட்டால் கடைசிவரை திட்டுத்திட்டாகத் தெரியும். ஒவ்வொரு பேப்பருக்கும் தேய்க்கிற திசையை மாற்றுங்கள், முந்தைய கீறல் போனதா என்று கண்ணுக்குத் தெரியும். அப்புறம் காம்பவுண்ட் போட்டு பஃப். லென்ஸ் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், எல்லோரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாறுவது. தேய்த்தபோது கம்பெனி போட்ட கோட்டிங் மொத்தமும் போய்விட்டது, அடுத்த கோடைக்குள் மறுபடி மஞ்சள். ஆகவே மேலே டூ-கே கிளியர் கோட் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற நிறமில்லாத பெயிண்ட்) அடிக்க வேண்டும், புற ஊதா தாங்குகிற ரகம். எந்த டிங்கர் பட்டறையிலும் மீதி இருக்கிற கிளியரில் அடித்துத் தருவார்கள், டீக்காசு கூடக் கொடுத்தால் போதும்.

ஒன்று மட்டும் முன்கூட்டிப் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பாருங்கள். பல்புக்கு நேர் மேலே ரிஃப்ளெக்டர் பழுப்பாக, வெள்ளி உரிந்து இருந்தால் லென்ஸைத் தேய்த்து என்ன பயன், அசெம்பிளியையே மாற்றவேண்டும். துணி விட்டுத் துடைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அது ஆவியாகப் படிய வைத்த அலுமினியம், கை பட்டாலே வந்துவிடும். குரோம் பிளேட்டிங் பண்ணித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். குரோம் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் அலுமினியம் அளவுக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. ஆல்டோ அசெம்பிளி லூமாக்ஸ், மிண்டா என்று எங்கேயும் கிடைக்கிறது, ஜோடியாகவே மாற்றிவிடலாம். சென்னை நண்பர்கள் புதுப்பேட்டையில் பழையது தேடுவார்கள், ஆனால் ஹெட்லைட் விஷயத்தில் பழையது வாங்கினால் இன்னொருவருடைய மஞ்சளைக் காசு கொடுத்து வாங்குவதுதான்.

மோகனூர் ரோடு:
எல்லோருக்கும் நன்றி. தகவல்: ரிலே போட்டாயிற்று, என் வண்டியில் பொது பின்னில் பாசிட்டிவ்தான் இருந்தது, அண்ணா சொன்ன முறையிலேயே காயிலைக் கொடுத்தோம், எந்தச் சிக்கலும் இல்லை. இப்போது பல்பில் 13.6. லென்ஸும் தேய்த்துக் கிளியர் அடித்தாயிற்று, ரிஃப்ளெக்டர் நல்லபடியாகவே இருந்தது. வெளிச்சம் நன்றாகக் கூடியிருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது எதிரே வருகிறவர்கள் டிம் அடிக்கச் சொல்லி லைட் அடிக்கிறார்கள், நான் டிம்மில்தான் வருகிறேன்! வலதுபக்கம் மேலே தூக்கி அடிக்கிற மாதிரி தெரிகிறது.

கரூர் ஆட்டோ எலக்ட்ரிக்கல்:
பல்பு சரியாக உட்காரவில்லையா என்று முதலில் பாருங்கள். மூன்று காது இருக்கும், அகலமான காது மேலே. கிளிப் மாட்டிய பிறகும் பல்பு ஆடினால் ஒரு காது பள்ளத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு ஸ்க்ரூவைத் திருகினால் நாள் முழுக்கத் திருகவேண்டியதுதான்.

பல்பு சரி என்றால் சமதளமான இடத்தில் சுவரைப் பார்த்து நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் வழக்கமாக இருக்கிற சாமான் இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். சுவரை ஒட்டி நிறுத்தி இரண்டு பல்பின் மையத்தையும் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, நேராகப் பின்னால் பத்து மீட்டர் வாருங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்கோடு அந்தக் குறிக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். இடம் இல்லாவிட்டால் ஐந்து மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர். நம் ஊரில் இடதுபக்கம் ஓட்டுவதால் கோடு நடுவில் இருந்து இடதுபக்கமாக மேலே ஏறும், ரோட்டோரம் நடந்து போகிறவர் தெரிவதற்காக. வலதுபக்கம் மட்டமாகவே இருக்கவேண்டும். அசெம்பிளிக்குப் பின்னால் பொதுவாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும், ஒன்று மேலும் கீழும், இன்னொன்று பக்கவாட்டில். ஒரு லைட்டைத் துணி போட்டு மூடிவிட்டு இன்னொன்றைச் சரிபார்த்தால் குழப்பம் வராது.

பாலிடெக்னிக் வாத்தியார்:
அந்தப் பத்து சென்டிமீட்டருக்குக் காரணம் இருக்கிறது. லைட் தரையில் இருந்து 65 சென்டிமீட்டர் உயரம் என்று வையுங்கள். பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் கோடு 65 மீட்டரில் ரோட்டைத் தொடும். அதையே எதிரே கூசக் கூடாதே என்று இருபது சென்டிமீட்டர் இறக்கிவிட்டால் 32 மீட்டரோடு வெளிச்சம் முடிந்தது. நிறைய வண்டிகளில் பல்பு மங்கல் என்று நினைப்பது உண்மையில் லைட் கீழே பார்த்துக்கொண்டிருப்பதுதான். சில வண்டிகளில் டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சக்கரம் இருக்கும், பின்னால் ஆள் ஏறினால் இறக்குவதற்கு. யாரோ 3-ல் வைத்துவிட்டு வருஷக்கணக்காக அப்படியே ஓட்டுவதையும் பார்க்கலாம்.

ஓய்வு பெற்றவன்:
வயதானவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? முன்கண்ணாடியின் உள்பக்கத்தை எத்தனை பேர் துடைக்கிறீர்கள்? டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் சூடாகிக் கக்குகிற ஆவி கண்ணாடியில் எண்ணெய் மாதிரி படியும். பகலில் தெரியாது, எதிர் வெளிச்சம் பட்டால் மொத்தக் கண்ணாடியும் வெள்ளையாகப் பூத்துவிடும். வெளிப்பக்கம் வைப்பர் கீறலும் மணல் அடித்த பொடிப் புள்ளிகளும் வேறு. அப்புறம் கண். எனக்கு ஹெட்லைட்தான் மங்கல் என்று மகன் பல்பு மாற்றிக்கொண்டே இருந்தான், அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனால் கண்புரை என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அதே பல்பு போதுமாக இருக்கிறது. ஐம்பது தாண்டியவர்கள் பல்பு வாங்குவதற்கு முன் இதையும் பாருங்கள்.

எல்இடி ரசிகன்:
சரி வாத்தியார், ஒரு நேர்மையான கேள்வி. எல்இடி வேண்டாம் என்றால் அதிக வெளிச்சத்துக்கு ஹாலஜனிலேயே எதைப் போடுவது? நீலமாக ஒரு பல்பு வருகிறதே, வெள்ளை வெளிச்சம் தரும் என்று?

பாலிடெக்னிக் வாத்தியார்:
நீலம் வேண்டாம். கண்ணாடியில் நீலச் சாயம் பூசினால் அது கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுத்துத்தான் நிறத்தை மாற்றும், கூட்டித் தராது. ஓஸ்ராம் நைட் பிரேக்கர் ஹாலஜன், பிலிப்ஸ் எக்ஸ்ட்ரீம் விஷன் மாதிரி உயர்ரக 60/55 பல்புகளில் ஃபிலமென்ட் சின்னதாக, நெருக்கமாக இருக்கும், அதே வாட்டில் தூரத்துக்குக் கூடுதலாக வீசும். விலையும் கூட, ஆயுளும் குறைவு. தினமும் ராத்திரி ஓட்டுகிறவர் என்றால் டேஷ்போர்டில் ஒரு ஸ்பேர் வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டும்போது பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் தனியாகச் சூடேறி பல்பு வெடிக்கும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஃபியட் பிரியன்:
பேச்சைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் பிரீமியர் பத்மினி. வட்ட லைட், உள்ளே 45/40 வாட் பழைய பல்பு, ஹெச்4 அல்ல, பின்பக்கத் தகடு பெரிதாக இருக்கிறது. இதற்கு என்ன செய்வது? ரெஸ்டோர் பண்ணுகிற ஒருவர் வெளிநாட்டில் இருந்து வரவழைத்த ஒரு ஜோடி ஹெட்லைட் இருக்கிறது, வாங்கிக்கொள் என்கிறார்.

கரூர் ஆட்டோ எலக்ட்ரிக்கல்:
அது பி45டி என்கிற பழைய பேஸ், சார். அதே பேஸில் 60/55 ஹாலஜன் பல்பும் கடைகளில் வருகிறது, ரிஃப்ளெக்டர் நன்றாக இருந்தால் அதை மட்டும் போட்டுப் பார்க்கலாம். ரிஃப்ளெக்டர் போயிருந்தால் முழு யூனிட்டாக மாற்றுங்கள். உங்களுடையது ஏழு இஞ்ச் வட்டம்தானே? அம்பாசடர், பழைய மஹிந்திரா ஜீப், புல்லட் எல்லாம் அதே அளவுதான், ஹெச்4 பல்பு போடுகிற கண்ணாடி யூனிட் சுலபமாகக் கிடைக்கும், பழைய ரிங்கிலேயே உட்காரும்.

வெளிநாட்டு ஜோடியை வாங்குவதற்கு முன் சுவரில் அடித்துப் பாருங்கள். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலும் அமெரிக்காவிலும் வலதுபக்கம் ஓட்டுகிறார்கள், அவர்கள் லென்ஸில் கோடு வலதுபக்கமாக ஏறும். இங்கே மாட்டினால் எதிரே வருகிறவர் கண்ணில் நேராகக் குத்தும், ஸ்க்ரூ திருகிச் சரிசெய்கிற விஷயம் இல்லை அது, கண்ணாடியிலேயே வார்த்தது. இங்கிலாந்து, ஜப்பான் சரக்கு என்றால் நமக்குப் பொருந்தும்.

ஃபியட் பிரியன்:
சுவரில் அடித்துப் பார்த்தேன், வலதுபக்கம்தான் ஏறுகிறது. நல்லவேளை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்மினிக்கும் ரிலே போடுகிறேன். எங்கே மாட்டுவது நல்லது?

கரூர் ஆட்டோ எலக்ட்ரிக்கல்:
ரேடியேட்டருக்குப் பக்கத்துத் தகட்டில், பேட்டரிக்குக் கிட்டே, பின்கள் கீழே பார்க்கிற மாதிரி. மேலே பார்த்தால் வாட்டர் வாஷ் தண்ணீர் உள்ளே இறங்கும். இன்ஜின் சூடு நேராகப் படுகிற இடமும், சைலன்சர் பைப் பக்கமும் வேண்டாம். ஒயர் மேல் ஸ்லீவ் போட்டு, தகட்டில் துளை வழியாகப் போகிற இடத்தில் ரப்பர் குரோமெட் கட்டாயம். ஜாயிண்ட்டைத் திருகி டேப் சுற்றாதீர்கள், லக் (ஒயர் முனையில் மாட்டுகிற உலோகத் துண்டு) போட்டு அழுத்தி கிரிம்ப் பண்ணுங்கள். டிம்முக்கு 15 ஆம்பியர், பிரைட்டுக்கு 15 ஆம்பியர் என்று தனித்தனி ஃபியூஸ், ஒரு ஃபியூஸ் போனாலும் இன்னொரு லைட் எரியும். அந்த ஃபியூஸ் இரண்டும் பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும், அதற்கும் ரிலேக்கும் நடுவே ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டாலும் தீப்பிடிக்காது.